தமிழில் கோப்புக்குப் பெயர் வைத்தால் பின்னால் சிக்கல் வருமா?

தாராளமாக வையுங்கள், நான் பல வருஷமாக வைக்கிறேன். பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸின் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவும் இன்று தமிழ்ப் பெயரைப் பார்த்து முரண்டு பிடிப்பதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போதுதான் வம்பு.

ஒரு டிசம்பரில் ஒரே ஃபோல்டரில் 'பொங்கல்' என்று இரண்டு பிடிஎஃப் கிடந்தன. ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்கும்? பெயரின் பைட்டுகளை எண்ணினேன், பின்னொட்டை (.pdf) விட்டுவிட்டால் ஒன்று 21, மற்றது 24. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தருகிற யூனிகோடில் 'பொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாக எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, துணைக்கால் தனி என்றும் எழுதலாம். அந்தக் குறியீடுகளைப் பைட்டாக எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் அமைத்த டிஸ்க் பிரித்துத்தான் சேமிக்கும், லினக்ஸோ பைட்டை மட்டும் பார்த்து இரண்டும் வேறு வேறு என்றுவிடும். எங்கள் டிசைனர் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து காப்பி செய்திருந்தார். இரண்டில் ஒன்றுதான் திருத்தியது, திருத்தாததுதான் அச்சுக்குப் போனது, அந்தத் திட்டை நான் வாங்கினேன். (கன்னடத்திலும் இதே கூத்துதான். 'ஹொஸ' என்றால் புதுசு, எந்த ஹொஸ புதுசு என்று நாங்கள் தேடிய நாட்கள் உண்டு.)

லினக்ஸில் பெயர்களை மாற்ற கன்வ்எம்வி (convmv) என்று ஒரு கருவி இருக்கிறது, என்எஃப்சி, அதாவது சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் ஃபோல்டர் முழுக்க மாற்றிவிடும். ஆனால் சும்மா ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று காட்டுவதோடு சரி, நிஜமாக மாற்ற நோடெஸ்ட் (--notest) என்று கட்டளையில் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் முழித்தேன்.

அப்புறம் ஜிப். பெயர் யுடிஎஃப்-8இல் இருக்கிறது என்று சொல்ல அதில் ஒரு அடையாளக் குறி (flag) உண்டு, அதைப் போடாத பழைய மென்பொருளில் கட்டி அனுப்பினால் பிரிக்கிற இடத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கிரேக்க ஆல்பாவாகவும் கோண மேற்கோளாகவும் வந்து நிற்கும். உள்ளே இருப்பது கெடாது, பெயர்தான் போகும். நான் 7-ஜிப்பில் கட்டுகிறேன்.

நீளத்தையும் பாருங்கள். லினக்ஸில் பெயருக்கு 255 பைட்தான், தமிழில் அது 85 குறியீடு, புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. கல்யாணப் பத்திரிகை ஃபைலுக்கு மாப்பிள்ளை, பெண், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் பெயராக வைப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள்.