அன்னதானமும் ஒரு ஏக்கரும்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊரில் மாதந்தோறும் அன்னதானம் செய்கிறோம். நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித்தந்த காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பசித்தவருக்கு முதலில் வேண்டியது சோறு அல்லவா? நிலம், வீடு என்று அவர் ஏன் ஆயுள் முழுவதும் அலைந்தார்?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

சோறுதான் முதலில் வேண்டும். நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாள் அம்மாவுக்குப் பசியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவர் போய் நின்றது கீழத் தஞ்சையில். நெல் குவியும் அந்த மண்ணில் நட்டு அறுத்தவர்களே பட்டினி கிடந்தார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் நடுவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதன் பிறகுதான் அவரும் கணவர் ஜெகந்நாதனும் அந்தப் பக்கம் வந்து தங்கினார்கள்.

அங்கே வீட்டையும் சோற்றையும் பிரிக்க முடியாது. குடிசை நின்ற மனை பெரும்பாலும் மிராசுதாருடையது. கூலியைப் பற்றி வாய் திறந்தால் மனையைக் காலி செய்யச் சொல்லிவிடலாம். குடியிருப்பவருக்கே மனையை உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. மனை சொந்தமானாலும் சுவர் மண்தானே? கார்த்திகை அடைமழையில் சுவர் ஊறிச் சரியும், கீற்று ஒழுகும், அடுப்பு நனையும். பானையில் அரிசி இருந்தாலும் உலை வைக்க முடியாது. தள்ளாத வயதிலும் அவர் செங்கல் வீடு கட்டித்தர ஓடியது இதற்காகத்தான்.

1981இல் இருவரும் தொடங்கிய லாஃப்டி, அதாவது உழுபவனின் நில உரிமை இயக்கம், நிலக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, விலை படியவைத்து, கடன் ஏற்பாடு செய்து நிலத்தை வாங்கியது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர், பத்திரம் பெண்ணின் பெயரில். இப்படி ஏறத்தாழ 13,000 ஏக்கர் கைமாறியது. பெண்ணின் பெயரில் எழுதியதையே அவருடைய ஆகப்பெரிய முடிவாக நினைக்கிறேன். நாளைக்கு உலைக்கு அரிசி இருக்கிறதா என்பது அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும்.

அன்னதானத்தை நிறுத்தாதீர்கள். சாப்பிட வருகிறவர்களிடம், குடியிருக்கும் மனைக்குப் பட்டா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தாசில்தாருக்கு மனு எழுதிக்கொடுத்து, கூடவே போங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர்களால் திரும்பத் திரும்ப அலைய முடியாது. உங்களில் ஒருவரால் முடியும்.