கடப்பிதழ் முதலில், விண்ணப்பம் பிறகு

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் நைரோபி கிளையில் வேலை செய்பவரின் மகள் பள்ளியிறுதித் தேர்வில் நன்றாகச் செய்திருக்கிறாள். வெளிநாட்டில் பட்டப்படிப்புக்கு உபகாரச் சம்பளம் கிடைக்குமா? சிங்கப்பூரின் 'சிங்கா' விருதுக்கு முயலலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: சிங்கா முனைவர் பட்ட ஆய்வுக்கு மட்டும்தான். அவளுக்குப் பொருந்துவது துருக்கி அரசின் 'துருக்கியே புர்ஸ்லாரி'. வழக்கமாக ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை விண்ணப்பிக்கலாம். வயது 21க்குள் இருக்க வேண்டும். 70 விழுக்காடு மதிப்பெண் தேவை. மருத்துவத் துறை என்றால் 90. படிப்புக் கட்டணம், விடுதி, விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி, ஓராண்டு துருக்கிமொழி வகுப்பு எல்லாம் இதில் அடங்கும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

மாஸ்டர்கார்டு அறநிறுவனத்தின் உபகாரச் சம்பளத் திட்டமும் 2012 முதல் நடக்கிறது. அறநிறுவனத்துக்கே எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். மாணவரைத் தேர்ந்தெடுப்பது அதன் பங்காளிப் பல்கலைக்கழகங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள். அவற்றில் கேம்பிரிட்ஜ் முதுநிலைப் படிப்புக்கு உரியது. பட்டப்படிப்புக்குக் கானாவின் அஷேசி பல்கலைக்கழகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கென்யப் பெண்ணுக்குக் கானாவும் வெளிநாடுதான், அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்பு, இன்றே கடப்பிதழுக்கு விண்ணப்பிக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் மூன்று பெயர், தேர்வுச் சான்றிதழில் இரண்டு, கடப்பிதழில் வரிசை வேறு என்றிருந்தால், இடம் கிடைத்த பிறகும் விசாவில் சிக்கல் வரும். திருத்த வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வகுப்பு தொடங்கிவிடும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: லாகோஸில் பொறியியல் படித்து முடித்த நண்பர் இங்கே ஆய்வு செய்ய விரும்புகிறார். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இவருக்குத்தான் சிங்கா. நான்கு ஆண்டு வரை படிப்புக் கட்டணமும் மாத உதவித்தொகையும் உண்டு. பயணத்துக்கு 1,500 வெள்ளி வரையிலும், வந்து குடியேற 1,000 வெள்ளியும் கொடுக்கிறார்கள். ஜனவரி, ஆகஸ்ட் என இரண்டு சேர்க்கை.

பெரும்பாலும் தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, பரிந்துரை. பேராசிரியர்கள் இருவர் எழுத வேண்டும், ஒருவர் தாமதித்தாலும் விண்ணப்பம் நிறைவடையாது. ஆறு வாரம் முன்பே கேட்டு, தம் ஆய்வுத் திட்டச் சுருக்கத்தையும் கூடவே அனுப்பட்டும். மற்றொன்று, மதிப்பெண் பட்டியல். 2022இல் நைஜீரிய அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எட்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படி ஏதாவது நேர்ந்தால் அலுவலகத்திலிருந்து தாள் வராது. எனவே தேவை வருமுன்பே வாங்கி வைப்பது நல்லது.

புறப்படும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே அது செல்லும். கடைசி வாரத்தில் போட்டுக்கொண்டு வந்தால் சாங்கியில் தனிமைப்படுத்தப்பட நேரலாம்.

கேள்வி: 800 வெள்ளி கட்டினால் பிரிட்டனின் செவனிங் உபகாரச் சம்பளம் உறுதி என்கிறார் ஒரு முகவர். எங்கள் தொண்டூழியக் குழு உதவி செய்யும் கானா நாட்டு இளைஞருக்கு அதைக் கொடுக்கலாமா?
– வாசகர், ஜூரோங்

பதில்: ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள். செவனிங்கை யாராலும் உறுதிப்படுத்த முடியாது. அதற்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. அந்த இளைஞருக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொண்டூழியமும் கணக்கில் சேரும். அந்தப் பணத்தை ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கும் கடப்பிதழுக்கும் கட்டுங்கள், கட்டணத்தை நேராக அந்தந்த அலுவலகத்திலேயே செலுத்திவிடுங்கள்.