பேர் கெட்டு ஊர் திரும்புதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில நாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ‘இக்னாமினி’ என்ற சொல் அதில் அடிக்கடி வருகிறது. அகராதி பார்த்து எல்லா இடத்திலும் ‘அவமானம்’ என்று போட்டேன். திருப்பிப் படித்தபோது ஓரிடத்தில் சப்பென்று இருந்தது. ராணுவ அதிகாரி ஒருவர் பதவி பறிக்கப்பட்டு ஊர் திரும்பும் இடம் அது. சொல்லின் வேர்ப்பொருள் ‘பெயரில்லாமை’ என்று நண்பர் சொல்கிறார். அப்படியே போட்டுவிடலாமா?

க., மதுரை

அன்புள்ள க.,

வேரைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது சரி. லத்தீனில் இது ‘இக்னோமினியா’. முன்னால் நிற்பது இன்மையைச் சொல்லும் ‘இன்’. பின்னால் வருவது ‘நோமென்’, அதாவது பெயர். நடுவில் உள்ள ‘க்’, அறிதலைக் குறிக்கும் லத்தீன் வினையின் சாயலில் வந்தது என்பார்கள். இந்த நோமெனும் ஆங்கில ‘நேமு’ம் வடமொழி ‘நாம’மும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த நாமத்தைத் தமிழும் எடுத்துக்கொண்டிருப்பதால் நீங்கள் தடுக்கி நின்ற சொல் நமக்கு முற்றிலும் அந்நியமும் அல்ல.

ஆனால் ‘பெயரில்லாமை’ என்று போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். ரோமில் குடிமக்களைக் கணக்கெடுத்து, யாருக்கு என்ன தகுதி என்று பதிவு செய்ய ‘சென்சார்’ என்ற அதிகாரிகள் இருவர் இருந்தார்கள். ஒருவரது நடத்தை ரோமக் குடிமகனுக்கு அடாதது என்று அவர்கள் கருதினால் அவர் பெயரருகே ஒரு குறி இடுவார்கள். அவ்வளவுதான். சிறையில்லை, கசையடியில்லை. ரோமின் மூத்தோர் மன்றமான செனட்டில் உறுப்பினராக இருந்தால் அந்தப் பட்டியலில் இடம் போகும். கி.மு. 275இல் ரூஃபினஸ் என்பவருக்கு அப்படிப் போயிற்று. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் உச்சப் பதவியான கான்சலாக இருமுறையும், நெருக்கடியில் முழு அதிகாரம் பெறும் டிக்டேட்டராக ஒருமுறையும் இருந்தவர் அவர். வீட்டில் பத்து ராத்தல் வெள்ளிப் பாத்திரம் வைத்திருந்ததுதான் குற்றம்.

ரோமப் பேச்சாளர் சிசரோ இதை அழகாக விளக்குகிறார். சென்சாரின் தீர்ப்பு ஒருவனுக்கு முகம் சிவப்பதைத் தவிர அநேகமாக வேறெதையும் தருவதில்லை. அது முழுக்கப் பெயரை மட்டுமே தொடுவதால்தான் அதற்கு இக்னோமினியா என்று பெயர் வந்தது என்கிறார். பெயர் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த பெயராகவே இருக்கிறது. அதன் மீது கறை படிந்துவிட்டது. பெயரே தெரியாதவனுக்கு இந்தத் தண்டனையைக் கொடுக்க முடியாது.

ரோமப் பெரியவர்களின் வாழ்க்கையை எழுதிய கிரேக்கர் புளூட்டார்க் சொல்லும் ஒரு சம்பவத்தை என்னால் மறக்க முடிவதில்லை. லூசியஸ் ஃபிளாமினினஸ் கி.மு. 192இல் கான்சலாக இருந்தவர். தனக்குப் பிரியமான ஒருவரை மகிழ்விக்க, விருந்துக்கு நடுவே ஓர் ஆளின் உயிரைப் பறித்தார் என்று 184இல் சென்சாரான மூத்த கேட்டோ அவரைச் செனட்டிலிருந்து நீக்கினார். பிறகு ஒருநாள் அவர் நாடகம் பார்க்க வருகிறார். பெரியவர்களின் இருக்கைகளைத் தாண்டிப் போய், முடிந்தவரை தள்ளி உட்கார்ந்துகொள்கிறார். யாரும் அவரைப் பின்னால் போகச் சொல்லவில்லை. மக்கள் அதைப் பார்த்து மனமிரங்கி, அவர் இடம் மாறி உட்காரும்வரை விடாமல் குரல் கொடுக்கிறார்கள். செய்தது கொலை. அவர் பின்வரிசைக்கு நடந்து போவதைப் பார்க்கும்போது அந்தக் கூட்டத்துக்கே பொறுக்கவில்லை. எனக்கும் அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் அதிகாரிக்கு வருவோம். கி.மு. 46இல் ஆப்பிரிக்கப் போரின்போது அவியேனஸ் என்ற படைத்தலைவரைச் சீசர் எல்லார் முன்னிலையிலும் வெளியேற்றினார். சிசிலியிலிருந்து வந்த கப்பலைத் தன் ஆட்களாலும் கால்நடைகளாலும் நிரப்பிக்கொண்டு, ஒரு சிப்பாயைக்கூட ஏற்றி வராதவர் அந்த ஆள். ‘இக்னோமினியாவுக்காக என் படையிலிருந்து நீக்குகிறேன், இன்றே ஆப்பிரிக்காவை விட்டுப் போ’ என்பது சீசரின் கட்டளை. உங்கள் நாவலின் அதிகாரி இந்த வரிசையில் வருகிறவர்.

‘அவமானம்’ அங்கே சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். பேருந்தில் ஒருவர் நம்மை ஏசிவிட்டால் அதுவும் அவமானம்தான். நம்மீது தவறே இருக்க வேண்டியதில்லை, நாளைக்கு மறந்தும் போகலாம். இக்னாமினி ஊரறிய வருவது, பெயரோடு ஒட்டிக்கொள்வது. ‘பழி’ பொய்யாகவும் இருக்கலாம் என்பதால் அதுவும் பொருந்தாது. ‘வசையென்ப வையத்தார்க் கெல்லாம்’ என்ற குறளில் உள்ள ‘வசை’ மிக நெருங்கிய சொல். புகழாகிய இசைக்கு எதிராக நிற்பது அது. ஆனால் இன்று வசை என்றால் திட்டு என்றுதான் வாசகருக்குப் படும்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் பெயர்ச்சொல்லையே தேட மாட்டேன். லத்தீன்காரன் பெயரில் பிடித்ததை நம் ஊர்ப் பேச்சும் பெயரில்தான் பிடித்திருக்கிறது. ‘பேர் கெட்டு ஊர் வந்து சேர்ந்தார்’ என்று எழுதி, அந்தப் பத்தியை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். மற்ற இடங்களில் தோற்ற அணி, கவிழ்ந்த ஆட்சி என்று வந்தால் ‘தலைகுனிவு’ போதும்.