கிரீன்லாந்து ஐஸ் பாரிஸுக்கு வந்த கதை: கேள்வி பதில்

ஓலாஃபர் எலியாசன்ங்கிற ஆர்ட்டிஸ்டும் மினிக் ரோசிங்ங்கிற ஜியாலஜிஸ்டும் சேந்து செஞ்ச 'ஐஸ் வாட்ச்' பத்தி நிறைய பேர் கேட்டிருந்தீங்க, வரிசையா சொல்றேன்.

கே: அது என்னன்னு முதல்ல சொல்லுங்கக்கா.

ப: 2015 டிசம்பர்ல பாரிஸ்ல க்ளைமேட் மாநாடு நடந்துச்சுல்ல, அப்போ கிரீன்லாந்து தலைநகரம் நூக் பக்கம் கடல்ல மிதந்துட்டு இருந்த 12 பெரிய ஐஸ் பாறைய, மொத்தம் 80 டன், கொண்டாந்து பாந்தியோன்ங்கிற பழைய நினைவு மண்டபம் முன்னாடி கடிகாரம் மாதிரி வட்டமா வெச்சாங்க, யாரு வேணா தொடலாம், கட்டிப்பிடிக்கலாம், அதுவா உருகட்டும்னு விட்டுட்டாங்க. 2014ல கோபன்ஹேகன்லயும் 2018ல லண்டன்லயும் வெச்சாங்க.

கே: அந்த ஐஸ் உருகினா கடல் மட்டம் ஏறாதா?

ப: ஏறாது. மிதக்குற ஐஸ் தன்னோட எடைக்கு உண்டான தண்ணிய ஏற்கனவே தள்ளிருச்சு, ஜூஸ் டம்ளர்ல ஐஸ் கரைஞ்சா வழியுதா? நிலத்து மேல கிடக்குறதுதான் பயம், கிரீன்லாந்துல இருக்குறது மொத்தமும் உருகினா கடல் 7 மீட்டர் ஏறும்.

கே: வெறும் ஐஸ்தானே, இதுல சயின்ஸ் எங்க இருக்கு?

ப: இதத்தான் யாராவது கேக்கணும்னு இருந்தேன். அந்த ஐஸ்ல காத வெச்சா கடுகு தாளிக்கிற மாதிரி பட் பட்டுனு சத்தம் வரும். பனி மேல பனி விழுந்து அமுங்கி ஐஸாகும்போது நடுவுல மாட்டிக்கிட்ட காத்து, அழுத்தத்தோட உள்ளயே கிடந்து, உருகுறப்போ வெடிச்சு வெளிய வருது, அதாவது மனுஷன் ஃபேக்டரி கட்டுறதுக்கு ரொம்ப முந்தின காத்து நம்ம மூஞ்சில படுது. அண்டார்டிகா ஐஸ்ல இருக்குற இதே மாதிரி குமிழ வெச்சுத்தான் 8 லட்சம் வருஷத்து காத்த அளந்திருக்காங்க, தொழிற்புரட்சிக்கு முன்னாடி வரைக்கும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துல 300 பங்கத் தாண்டல, இப்போ 420க்கு மேல. இந்த கணக்க கிராஃபா காட்டினா பசங்க கொட்டாவி விடுறாங்க, அந்த சத்தத்த கேட்டவங்க நகர மாட்டாங்க.

கே: கப்பல்ல லாரில ஏத்தி வர்றதே பொல்யூஷன்தானே?

ப: நியாயமான கேள்வி. அதயும் கணக்கு போட்டிருக்காங்க, பாரிஸுக்கு 30 டன் கார்பன் டை ஆக்சைடு, 30 பேர் ஃப்ளைட்ல பாரிஸ்ல இருந்து நூக் போயிட்டு வந்தா ஆகுற அளவு. அந்த 30 பேர் மட்டும் பாக்குறதுக்கு பதிலா ஊரே தொட்டுப் பாத்துச்சு, எனக்கு அது சரின்னுதான் படுது.

கே: என் பொண்ணு நல்லா வரைவா, இதுல அவளுக்கு இடம் இருக்கா மேடம்?

ப: தாராளமா. ஜில் பெல்டோன்னு அமெரிக்கப் பொண்ணு, பனிப்பாறை ஆராய்ச்சி பண்ற அப்பாகூட 16 வயசுலயே பனிப்பாறைய அளக்கப் போனவங்க, வாட்டர்கலர்ல மலை வரைவாங்க, கிட்ட போய் பாத்தா அந்த ஐஸ் சரியுற கோடு நிஜமா அளந்த கணக்குல இருந்து எடுத்த கிராஃப். உங்க பொண்ணுகிட்ட ஆர்க்டிக் கடல் ஐஸ் கிராஃப் ஒண்ணு குடுத்து, அந்தக் கோட்ட மாத்தாம அது மேல என்ன வரையலாம்னு கேளுங்க.