கறுப்புப் புகை எப்போது வருகிறது? பழைய டர்போ கார்காரருக்குச் சில பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடு: கார் பெற்றோலைக் குடிக்கிறது, பின்னால் கறுப்பாகப் புகைக்கிறது. எல்லாமே இருபது, முப்பது வயது தாண்டிய டர்போ கார்கள், அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிற கருவி உள்ளவை. கராஜில் இதை "ரிச்சாக ஓடுது" என்போம். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கில் பெற்றோல் கூடிவிட்டால் ரிச்.

பதிலுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். "புகைக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். எப்போது என்று எழுதுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடனா, சூடான பிறகுமா, ஐடிலில் (ஆக்சிலேற்றரை மிதிக்காமல் எஞ்சின் மட்டும் ஓடியபடி) நிற்கும்போதா, டர்போ இழுக்கும்போதா? பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்: என்னுடையது 1992 ஸ்டார்லட் ஜீ.டி. டர்போ. ஐடிலில் நின்றால் பெற்றோல் மணம் கண்ணை எரிக்கிறது. நான்கு பிளக்கும் கரி. ஒட்சிசன் சென்சரை இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. மூன்றாவது வாங்கவா?

வேண்டாம் தம்பி, காசைப் பத்திரப்படுத்துங்கள். ஒட்சிசன் சென்சர் எரிந்து வரும் புகையை மோந்து பார்த்து, ஒட்சிசன் மிச்சம் இருக்கிறதா என்று ஈசியூவுக்கு, அதாவது எஞ்சினை நடத்தும் கணினிக்கு, சொல்கிற ஆள். ரிச் என்றால் 0.8, 0.9 வோல்ற் காட்டும். பெற்றோல் குறைந்தால் 0.1, 0.2க்கு இறங்கும். உங்கள் காரில் அது 0.9இலேயே நிற்கிறது என்றால் அது பழுதான சென்சர் இல்லை, உள்ளதைச் சொல்கிற சென்சர். கள்வனைக் காட்டிக்கொடுத்தவனைப் பிடித்து உள்ளே போட்ட மாதிரித்தான் அதைக் கழற்றி எறிவது. சந்தேகமென்றால் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 3000 சுற்றுவரை ஏற்றிச் சட்டென்று ஆக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள். அந்தக் கணத்தில் ஈசியூ பெற்றோலை நிறுத்தும். வோல்ற் கீழே விழுந்தால் சென்சர் நலம்.

இனி உண்மையான கள்வனைத் தேடுவோம். உங்கள் 1331 சீசீ எஞ்சினில் காற்றை நேரே அளக்கும் கருவி கிடையாது. எஞ்சினுக்குள் காற்று போகிற மனிபோல்டின் அழுத்தத்தை மேப் சென்சர் பார்த்துச் சொல்ல, அதிலிருந்து ஈசியூ கணக்குப் போடுகிறது. ஐடிலில் அந்த அழுத்தம் வெளிக்காற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மனிபோல்டிலிருந்து மேப் சென்சருக்குப் போகிற மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதற்குள் வெளிக்காற்று புகுந்து, அழுத்தம் கூடியது போலத் தெரியும். ஓட்டுநர் ஆக்சிலேற்றரை மிதித்துவிட்டார் என்று நினைத்து ஈசியூ பெற்றோலை ஊற்றும். முப்பது வருட ரப்பர் அது. இரு நுனியிலும் பொருந்தியிருக்கும் இடத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்பு வளைத்ததும் வாய் திறக்கும். ஒரு முழம் புதுக் குழாய் வாங்கி மாற்றிவிடுங்கள்.

குழாய் நல்லதென்றால் அடுத்தது தண்ணீர் வெப்ப சென்சர். கடற்கரையோரக் கார்களில் நான் அதிகம் காண்கிற நோய் இதுதான். எஞ்சினில் இந்தச் சென்சர் இரண்டு இருக்கும். ஒற்றை வயர் போகிறது டாஷ்போர்ட் முள்ளுக்கு, இரட்டை வயர் போகிறது ஈசியூவுக்கு. முள் சரியாக நிற்கிறது என்பதால் ஈசியூவுக்கும் சரியான செய்தி போகிறது என்று நம்பாதீர்கள். ஈசியூவுக்கானது 20 பாகையில் 2000 முதல் 3000 ஓம் வரையும், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வரையும் காட்ட வேண்டும். சூடு ஏற ஏற ஓம் குறையும். அப்படியென்றால் வழியில் எங்காவது தடை கூடினால் என்ன ஆகும்? எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று ஈசியூ நினைக்கும். பழைய காபரேற்றர் காரில் சோக்கை இழுத்துவிட்டு மறந்ததுபோல நாள் முழுக்கக் கூடுதல் பெற்றோல் போகும்.

அண்மையில் நிலாவெளிப் பக்கமிருந்து இதே வகைக் கார் ஒன்று வந்தது. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில், இரவு பகலாக வெளியில் நிற்கிற கார். கனெக்டரின் கிளிப்பை அமுக்கி இழுத்தேன். உள்ளேயிருந்த ரப்பர் வளையம் பொடியாகி உதிர்ந்தது. இரண்டு பின்களில் ஒன்றின்மேல், துலக்காத செப்புக் குடத்தில் பிடிப்பதுபோல பச்சைக் களிம்பு. சென்சரை மட்டும் அளந்தால் 310 ஓம், குறையே இல்லை. கனெக்டரை மாட்டிவிட்டு ஈசியூப் பக்கத்து வயரில் அளந்தால் 1300க்கு மேல். கொதிக்கிற எஞ்சினை 40 பாகைகூட இல்லை என்று ஈசியூ கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தது. பின்னையும் கனெக்டரையும் மாற்றினோம், சென்சரைத் தொடவில்லை. மறுநாள் பிளக் நுனியில் கரி குறைந்து சாம்பல் நிறம் வரத் தொடங்கியிருந்தது.

ஆகவே அளக்கும்போது சென்சரில் ஒரு தரம், வயரின் மறுமுனையில் ஒரு தரம் என்று இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டீ.ஈ.1, ஈ.1 என்ற இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் விளக்கு மின்னி எண் சொல்லும். இரண்டு மின்னல், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு என்றால் 22, அது இந்தச் சென்சர். ஆனால் வயர் அறுந்தாலோ ஷோர்ட் ஆனாலோதான் 22 வரும். 1300 ஓம் என்பது ஈசியூவுக்கு இன்னும் சூடேறாத எஞ்சின், அவ்வளவுதான். பிழை என்றே அதற்குத் தோன்றாது. எண் வரவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

கிண்ணியாவிலிருந்து: வொல்வோ 940 டர்போ. ஐடில் ஓரளவு பரவாயில்லை. ஹபரணைப் பாதையில் பஸ்ஸை முந்த மிதித்தால் பின்னால் கறுப்பு மேகம், இழுவையும் இல்லை. டர்போ போய்விட்டது என்கிறார்கள்.

டர்போவில் கைவைக்க முதல் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். உங்கள் கார் ஸ்டார்லட்டுக்கு நேர்மாறு. இதில் ஏயர் ஃபில்டருக்குப் பக்கத்தில் சூடான கம்பி ஒன்று உள்ளே போகிற காற்றை அளக்கிறது. அளந்த காற்று டர்போவைக் கடந்து, அதைக் குளிர வைக்கும் இன்டர்கூலரைக் கடந்து எஞ்சினுக்கு வர வேண்டும். வழியில் ஒரு குழாய் வெடித்திருந்தால் டர்போ அழுத்தும்போது அளந்த காற்று வெளியே ஓடிவிடும். பெற்றோல் மட்டும் முழுக் கணக்குக்கும் வந்து சேரும். அதுதான் உங்கள் கறுப்பு மேகம். இழுவை இல்லாததற்கும் அதுவே காரணம். ஐடிலில் அங்கே அழுத்தம் இல்லாததால் நோய் தெரியாது. சில கார்களில் அதே ஓட்டை வழியாக அளக்காத காற்று உள்ளே போய் ஐடில் தடுமாறும். அதனால்தான் "ஓரளவு" என்று நீங்கள் எழுதியதைக் கவனித்தேன்.

குழாயின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லிவிடுவார்கள். வெடிப்பு அடிப்பக்கத்தில்தான் இருக்கும், ஒயில் ஊறி ரப்பர் மெதுவாகிப்போன இடத்தில், அல்லது கிளிப்புக்கு அடியில். எல்லாக் குழாயையும் கழற்றித் துடைத்துப் பிசைந்து பாருங்கள். வெளியே ஒயில் ஈரத்தில் தூசி அப்பிக்கிடக்கும் இடமிருந்தால் அங்கேயே தொடங்குங்கள். கண்ணுக்குப் படவில்லையா? டர்போவின் வாயை அடைத்து, கொம்பிரஸரிலிருந்து அரை பாருக்கு மேற்படாமல் காற்று விட்டு, சவர்க்கார நீரைத் தெளியுங்கள். நுரை காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. சத்தத்துக்காக யாராவது புளோ-ஓஃப் வால்வை (ஆக்சிலேற்றரை விட்டதும் டர்போ அழுத்திய மிச்சக் காற்றைத் திறந்துவிடுவது) வெளியே திறக்கிற மாதிரி மாற்றியிருந்தால் திரும்பப் பழையபடி போடுங்கள். அளந்த காற்றை ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வெளியே கொட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் ரிச்சாகும். மேப் சென்சர் கார்களில் இது பெரிதாகப் பாதிக்காது. உங்களுடையதில் பாதிக்கும்.

கந்தளாயிலிருந்து: சூடேறாமல் இருக்க தேர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பிறகு பெற்றோல் செலவு கூடியது. தொடர்பு உண்டா?

உண்டு. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுப்பது தேர்மோஸ்டாட்தான். உடனே திரும்பப் போடுங்கள். இங்கே வெயில் கூட, எனவே தேர்மோஸ்டாட் தேவையில்லை என்ற நம்பிக்கை எங்கள் கராஜ்களில் ஆழமாகப் பதிந்துவிட்டது. வெயில் 35 பாகை என்றாலும் எஞ்சின் வேலை செய்ய வேண்டியது 80, 90இல். நீண்ட பாதையில் காற்றடித்து ஓடும்போது எஞ்சின் அந்தச் சூட்டுக்கு ஏறாமலே போகலாம். சென்சர் அதை உள்ளபடி சொல்லும், ஈசியூவும் கூடப் பெற்றோல் விடும். இங்கே எந்தக் கருவியும் பழுதில்லை. முதலில் ஏன் சூடேறியது என்பதைத் தேடுங்கள். ரேடியேற்றர் அடைப்பு, காற்றாடி, தண்ணீர் பம்ப், ரேடியேற்றர் மூடி, இந்த ஒழுங்கில்.

சீனன்குடாவிலிருந்து: டர்போ காருக்கு ரிச்சாக ஓடுவது நல்லதுதானே? பெற்றோல் குறைந்தால்தானே பிஸ்டன் உருகும்?

பாதி சரி. டர்போ முழுதாக இழுக்கும்போது காற்று 11, 12க்குப் பெற்றோல் ஒன்று என்ற அளவில் வேண்டுமென்றேதான் கூட்டிக் கொடுப்பார்கள். மிச்சப் பெற்றோல் உள்ளே சூட்டைக் குறைக்கும். ஆகவே சைலன்சர் நுனியில் கொஞ்சம் கரி இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் ஐடிலிலும் சாதாரண ஓட்டத்திலும் ரிச்சாக இருந்தால் அது எந்தப் பாதுகாப்பும் தராது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவும். புகையைச் சுத்தமாக்கும் கற்றலைற்றிக் கொன்வேர்ட்டரில் போய் எரிந்து அதையும் சிவக்க வைக்கும்.

வேறு இருவர் கேட்டவை: 92 ஒக்டேன் அடித்தால் ரிச்சாகுமா? ஆகாது. ஒக்டேன் என்பது தட்டலைத் தாங்கும் திறன். டர்போ காருக்கு 95 அடியுங்கள், அது வேறு காரணத்துக்கு. ஏயர் ஃபில்டர் அடைத்தால் ரிச்சாகுமா? காபரேற்றர் காரில் ஆகும். இன்ஜெக்சன் காரில் காற்று குறைந்தால் பெற்றோலும் குறையும், இழுவைதான் போகும்.

மூதூரிலிருந்து: இரண்டு மாதமாக ஒயில் ஊற்றவில்லை. ஆனால் டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் ஏறியிருக்கிறது! சூடாக நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

ஐயா, இதைப் படித்ததும் காரை எடுக்காதீர்கள். டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே பிடியுங்கள். பெற்றோல் மணக்கும். ஒயிலுக்குள் பெற்றோல் இறங்கிக்கொண்டிருக்கிறது. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. அந்த ஒயில் தண்ணியாகிவிட்டால் பெயரிங் நீண்ட நாள் தாங்காது.

இரண்டு இடம் பாருங்கள். முதலில் பெற்றோல் பிரஷர் ரெகுலேற்றர். அதிலிருந்து மனிபோல்டுக்குப் போகும் மெல்லிய குழாயை உருவுங்கள். உள்ளே காய்ந்திருக்க வேண்டும். நுனியில் ஒரு துளி தொங்கினாலோ, விரலில் தொட்டுப் பார்க்க ஈரமாகக் குளிர்ந்து பெற்றோல் மணத்தாலோ உள்ளேயிருக்கும் ரப்பர் தகடு கிழிந்துவிட்டது. மனிபோல்ட் அந்த வழியாகப் பெற்றோலை நேரே உறிஞ்சுகிறது. ரெகுலேற்றரை மாற்ற வேண்டியதுதான். அது காய்ந்திருந்தால் பெற்றோல் அழுத்தம் காட்டும் கேஜ் போட்டு எஞ்சினை நிறுத்திய பிறகு அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். சடசடவென்று இறங்கினால் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகக்கூடும். அவற்றுக்குப் பெற்றோல் கொண்டுவரும் குழாயான ரெயிலோடு இன்ஜெக்டர்களை வெளியே எடுத்து, அடியில் கடுதாசி விரித்து, பம்பை ஓட விட்டால் ஒழுகுவது எதுவென்று கறை காட்டும். இதைத் திறந்த வெளியில், பற்றரியிலிருந்து தள்ளிச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பணைக்கும் கருவி வைத்துக்கொள்ளுங்கள். பழுதைத் திருத்திய பிறகு ஒயிலையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள். அதற்கு முன் மாற்றினால் புது ஒயிலும் கெட்டுவிடும்.

உவர்மலையிலிருந்து ஒரு சகோதரி: அப்பா விட்டுப்போன டர்போ கார். புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது, வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியவில்லை. விற்கச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை.

விற்க வேண்டாம் தங்கச்சி. பரிசோதனையில் தந்த தாளை எடுங்கள். அதில் இரண்டு எண் இருக்கும்: சீ.ஓ. (காபனோரொட்சைட்டு), எச்.சீ. (எரியாத எரிபொருள்). ஐடிலில் ஒரு தரம், 2500 சுற்றில் ஒரு தரம் அளந்திருப்பார்கள். சீ.ஓ. இரண்டிலும் கூட என்றால் ரிச். வெப்ப சென்சரிலிருந்து தொடங்குங்கள், மேலே ஸ்டார்லட்காரருக்குச் சொன்ன அதே முறை. ஐடிலில் மட்டும் கூட என்றால் ரெகுலேற்றர் குழாய், மேப் குழாய், ஒழுகும் இன்ஜெக்டர். சீ.ஓ. சரி, எச்.சீ. மட்டும் ஏறியிருக்கிறதென்றால் அது பெரும்பாலும் ரிச் இல்லை. ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை, பிளக்கையும் பிளக் வயரையும் பாருங்கள்.

புகைக்குழாயில் ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வெளிக்காற்று அதன் வழியே உள்ளே போனால் பெற்றோல் குறைவு என்று சென்சர் தவறாகச் சொல்லி, ஈசியூ இன்னும் கூட்டிவிடும். குளிர்ந்த எஞ்சினில் காதை வைத்து, ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் டிக் டிக் என்ற சத்தம் வருகிறதா கேளுங்கள். சூடானால் இரும்பு விரிந்து சத்தம் மறைந்துவிடும்.

மறுபரிசோதனைக்குப் போகிற அன்று காரை வீட்டிலிருந்து நேரே கொண்டுபோய் வரிசையில் நிறுத்தாதீர்கள். கன்னியாப் பக்கம் இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள், வரிசையில் நிற்கும்போதும் எஞ்சினை நிறுத்த வேண்டாம். அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.