பாலாற்றுக்கு நான்கு குரல்: வாசகர் கேள்வி – பதில்

(கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், வேலூரில் பாடகர் குழு ஒன்றை நடத்திவரும் இசையமைப்பாளர். இவருடைய ‘பாலாறு’ என்ற புதிய படைப்பின் ஒலிப்பதிவு அண்மையில் முடிந்தது. அதையொட்டி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

உங்கள் குழு புதிதாக ஒலிப்பதிவு செய்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கிறிஸ்துமஸ் பாடல்களா?
— ஆசிரியை, குடியாத்தம்

இல்லை, அம்மா. இது நம் ஆற்றைப் பற்றிய பாட்டு. வாத்தியம் எதுவும் கிடையாது; பெண்களின் உயர்ந்த குரலான சோப்ரானோ, தாழ்ந்த குரலான ஆல்ட்டோ, ஆண்களின் உயர்ந்த குரலான டெனர், தாழ்ந்த குரலான பேஸ் என்று நான்கு குரல்கள் மட்டுமே. நான்கு பகுதிகள். முதல் பகுதி நந்தி மலையில் தொடங்குகிறது. ஆறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி நம்மிடம் வருகிறது. மீதி 222 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில்தான். இரண்டாம் பகுதி மணல், மூன்றாம் பகுதி தோல் பதனிடும் ஊர்கள், நான்காம் பகுதி 2021 நவம்பர் வெள்ளம். அந்த நவம்பரில் பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் யாராவது உண்டா? ஆற்றில் தண்ணீரையே பார்த்திராத பிள்ளைகளை அப்பாக்கள் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள். அங்கே நின்றபோதுதான் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது.

பாடியவர்கள் செவிலியர்கள், காலணித் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள், உங்கள் ஊர் நெசவாளர்கள் இருவர், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் எல்லாருக்கும் கிடைக்கும் நேரம். இரவு வேலை முடித்துவிட்டு, தூங்காமல் வந்து பாடியவர்களை நான் வணங்குகிறேன்.

நமது ராகங்கள் ஒற்றை இழையில் வளர்ந்தவை. அவற்றின் மேல், பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் மேல்நாட்டு ஒத்திசையை ஏற்றினால் ராகம் செத்துவிடாதா?
— ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், ஆரணி

ஐயா, உங்கள் அச்சம் நியாயமானது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றினால் நிச்சயம் செத்துவிடும். ராகத்திடமே கேட்டால் என்ன கொடுக்கும் என்பதுதான் என் தேடல்.

மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ச ரி க ப த. மூன்று சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் முழுமையான கூட்டுகள் அதற்குள் இரண்டே: ச-க-ப, த-ச-க. ஹம்சத்வனிக்குப் போனால் மூன்று கிடைக்கின்றன: ச-க-ப, க-ப-நி, ப-நி-ரி. மேல்நாட்டு இலக்கணத்தில் பாட்டை முடிவுக்குக் கொண்டுவரும் பஞ்சமக் கூட்டு, அதாவது ப-நி-ரி, அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் ஹம்சத்வனியை யார் வேண்டுமானாலும் நான்கு குரலில் எழுதிவிடுகிறார்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. ப-நி-ரி என்று அடுக்கினால், தாழ்ந்த ரிஷபமான சுத்த ரிஷபம் வந்து கூட்டைக் குறுக்கிவிடும். முடிவு முடிவாகக் கேட்காது. பலர் அந்த இடத்தில் ரிஷபத்தை மட்டும் அதைவிட உயர்ந்த சதுச்ருதி ரிஷபமாக மாற்றி எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். நான் மாற்றமாட்டேன். என் மூன்றாம் பகுதி மாயாமாளவகௌளையில்தான் இருக்கிறது. முடியாமல் நிற்கும் அந்தத் தவிப்புதான் அந்தப் பகுதிக்கு வேண்டும்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஒரே காந்தாரத்தைப் பத்துப் பேர் பத்து விதமாக அசைத்தால் அது வெறும் நடுக்கமாகிவிடும். அதனால் அசைவை எப்போதும் ஒரே ஒரு குரலுக்குக் கொடுக்கிறேன்; மற்றவர்கள் அசையாமல் நிற்கிறார்கள். பேஸ் குரலில் ச-ப பிடிப்பவர்கள் ஒரே நேரத்தில் மூச்செடுக்கக் கூடாது. ஒருவர் விட, அடுத்தவர் தொடர, தம்புராபோல அது அறுபடாமல் ஒலிக்கும். அதன்மேல் ஆல்ட்டோவில் ஒரு பெண் தனியாகக் கமகத்தோடு பாடும்போது நீங்களே வந்து கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவாலயத்தில் வளர்ந்தவன் நான். அங்கே இரண்டு இசைகள் அருகருகே வாழ்ந்தன. பாமாலைகளை மேல்நாட்டு மெட்டில் நான்கு குரலில் பாடினோம். அழகாக ஒலிக்கும், ஆனால் மெட்டின் தட்டு விழும் இடத்தில் குறில் நெடிலாகிவிடும். கல் என்று எழுதியிருப்பது கால் என்று கேட்கும். கீர்த்தனைகளில் தமிழ் ஓர் அசைகூடப் பிசகாமல் நின்றது. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் தமிழ் யாப்பிலும் ராகத்திலும் ஊறி எழுதியவர்கள். ஆனால் கீர்த்தனையை எல்லாரும் ஒரே குரலில்தான் பாடுவோம். நான்கு குரலும் வேண்டும், குறில் குறிலாகவும் இருக்க வேண்டும் என்பது சிறு வயதிலிருந்தே எனக்குள் இருக்கும் ஆசை. அதனால் முதலில் சொற்களை எழுதி, உரக்கப் படித்து, அசைகளின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகே சுரம் போடுகிறேன்.

நல்ல ஸ்டுடியோக்கள் இருக்கும்போது பழைய மண்டபத்தில் ஏன் பதிவு செய்தீர்கள்?
— கல்லூரி மாணவர், காட்பாடி

தம்பி, ஸ்டுடியோவில் சுவர்கள் ஒலியை விழுங்கிவிடும். அங்கே ஒவ்வொருவருக்கும் தன் குரல்தான் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் குரலோடு கலக்கத் தெரியாமல் போய்விடும். குழுவுக்கு எதிரொலி தரும் கூடம் வேண்டும். முதலில் உங்கள் ஊரில் ஒரு மண்டபம் பார்த்தோம். சுவரும் கூரையும் அருமை. ஆனால் ஜங்ஷன் அருகில் இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் ரயில்கள் நள்ளிரவிலும் நம்மை விடுவதில்லை. கடைசியில் வாலாஜா பக்கம் சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட பள்ளி மண்டபம் ஒன்று கிடைத்தது. இரவு பத்து மணிக்கு மேல் பதிவு. மின்விசிறிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. வேலூர் வெயில் இரவிலும் சுவரை விட்டு இறங்குவதில்லை என்பது உனக்குத் தெரியும். புழுக்கத்தில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பாடினார்கள்.

மைக் ஏற்பாடு எளிமையானது. குழு அரைவட்டமாக நிற்க, நடுவில் இரண்டு மைக்குகள், 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 பாகைக் கோணம். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் உருவாக்கிய முறை இது. நம் இரண்டு காதுகளும் கேட்பதற்கு நெருக்கமாகப் பதிவாகும். ஒவ்வொரு குரலுக்கும் தனி மைக் வைத்துப் பின்னால் கலக்கும் வழியை நான் விரும்பவில்லை. பேஸ் ஓங்கினால் அங்கேயே குறைத்துப் பாட வேண்டும். குழுப் பாடல் என்றாலே அதுதானே!

வாத்தியம் இல்லாமல் பாடும் குழுவுக்குச் சுருதி மெல்ல மெல்லக் கீழே இறங்கும். களைப்பு கூடக் கூட இன்னும் இறங்கும். பதிவில் இது பெரிய இடர். முதல் முறை பாடியதன் தொடக்கத்தையும் மூன்றாம் முறை பாடியதன் முடிவையும் ஒட்டலாம் என்று நினைத்தால், இரண்டும் வெவ்வேறு சுருதியில் நிற்கும். ஒட்டிய இடம் பளிச்சென்று தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பத்திக்கும் முன்பு 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி, சட்ஜத்தைப் புதிதாக எடுத்துக்கொண்டோம்.

நான் மிகவும் பாடுபட்ட இடம் இரண்டாம் பகுதியில் வரும் ‘ஊற்று’. மணலைத் தோண்டினால் கசிந்து வரும் அந்தத் தண்ணீரைத்தான் பாட்டி காலத்தில் குடத்தில் மொண்டு வந்தார்கள். ஊ நீண்டு போகும். பிறகு றகர ஒற்றில் எல்லா வாய்களும் ஒரே கணத்தில் அடைபட வேண்டும். அந்தச் சிறிய மௌனத்துக்குப் பிறகு று பிறக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் மைக்கில் மழைத்தூறல்போலச் சிதறிக் கேட்கும். கைச்சாடையை விட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடச் சொன்னேன். அப்போதுதான் அமைந்தது. ஒலிப்பதிவு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த ஒலி அந்த மௌனம்.

நான் ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. உங்கள் மூன்றாம் பகுதி எங்களைக் குற்றவாளி ஆக்குகிறதா?
— வாசகி, ஆம்பூர்

தங்கையே, இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்களை அல்ல. வேலூரைச் சேர்ந்த மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சாரம், மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது. கூலிக்குத் தோல் சுமந்தவர்களைப் பார்த்துச் சொன்னதல்ல அது. கிணற்று நீர் உப்பானபோது முதலில் அதைக் குடிக்க நேர்ந்ததும் நீங்கள்தான். அந்தப் பகுதியில் ஆல்ட்டோக்கள் பாடும் வரிகளை எங்கள் குழுவில் உள்ள, உங்களைப் போலவே தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களிடம் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். ‘விஷம்’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் ‘உப்பு’ போதும் என்றார்கள். அதுவே நின்றது.

எனக்கு நொட்டேஷன் (இசைக் குறியீடு) படிக்கத் தெரியாது. குழுவில் சேரலாமா?
— நெசவாளர், குடியாத்தம்

வாருங்கள். எங்களில் பாதிப் பேர் கோடுகள் உள்ள நொட்டேஷன் படிப்பதில்லை. டானிக் சால்ஃபாவில்தான் பாடுகிறார்கள். இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி ஜான் கர்வன் பரப்பிய முறை. எழுத்துகள் மட்டும்தான். ச ரி க ம தெரிந்த காதுக்கு விரைவில் பிடிபடும். டெனர் குரல் என்றால் இன்னும் மகிழ்ச்சி; எங்கள் பக்கம் டெனர் கிடைப்பது அரிது.

எப்போது, எங்கே கேட்கலாம்?
— வாசகர், இராணிப்பேட்டை

ஐப்பசி கடைசி ஞாயிறு மாலை, பதிவு நடந்த அதே மண்டபத்தில் முதன்முறையாக மேடையேறுகிறது. டிக்கெட் கிடையாது. மண்டபம் நிறைந்தால் எதிரொலி குறையும். அதனால் வேகத்தைச் சற்றுக் கூட்டிப் பாடப் பயிற்சி செய்துவருகிறோம். மழை கொட்டினால் ஓட்டுக் கூரையின் கீழ் எதுவும் கேட்காது; அப்படியானால் அடுத்த ஞாயிறு. ஒலிப்பதிவு அதன்பிறகு வெளிவரும்.

பாட விரும்பும் குழுக்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். சால்ஃபா, கோட்டு நொட்டேஷன் இரண்டிலும் இலவசமாக அனுப்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: மூன்றாம் பகுதியைத் தனியாக எடுத்துப் பாட வேண்டாம். அது சட்ஜத்தில் முடிவதில்லை. நான்காம் பகுதியின் முதல் சுரம்தான் அதை முடித்துவைக்கிறது. இரண்டையும் சேர்த்தே பாடுங்கள்.