முதல் முறையாகப் புதுக் கார் டெலிவரி எடுக்கப் போகிறேன். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

"வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் குறித்துவிட்டோம், பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, இனி போய் எடுத்து வருவதுதான் பாக்கி" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். 2023 தை மாதம் நானும் இப்படித்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு நாள், நல்ல வெயில் இருக்கும்போது, வண்டி நிற்கிற யார்டுக்கே போய்ப் பாருங்கள். அதுவும் உங்கள் பெயரில் ரிஜிஸ்ட்ரேஷன் ஆவதற்கு முன்னால் போக வேண்டும். டெலிவரி அன்று நீங்கள் எதையும் பார்க்க மாட்டீர்கள். பார்த்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். எங்களுக்கு மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். நான் பள்ளி ஆசிரியை. பதினொரு வருடச் சம்பளத்தில் சேர்த்த பணத்தோடு மீதிக்கு லோன் போட்டு, 2022 நவம்பரில் கார் புக் பண்ணினேன். எங்கள் குடும்பத்தில் முதல் நான்கு சக்கர வண்டி அது. டிசம்பர் முதல் வாரமே வண்டி வந்துவிட்டது என்று போன் செய்தார்கள். வீட்டில் ஏற்பாடு செய்வதற்குள் மார்கழி பிறந்துவிடும், தையிலேயே எடுத்துக்கொள்வோம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஷோரூமில் உடனே சரி என்றார்கள். "வண்டி யார்டில் பத்திரமாக நிற்கும் மேடம். நீங்கள் அலைய வேண்டாம். இன்சூரன்ஸ், ஆர்டிஓ வேலையெல்லாம் நாங்களே முடித்து வைக்கிறோம். நீங்கள் சாவி வாங்க வந்தால் போதும்." அலைச்சல் மிச்சம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

டெலிவரி தேதி தை முதல் வெள்ளி. வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30-க்கு ஆரம்பம். எங்களை 9 மணிக்கு வரச் சொன்னவர்கள் 10 மணி வரை சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். எங்களைப் போலவே இன்னும் பத்துப் பதினைந்து குடும்பங்கள் காத்திருந்தன. அப்புறம் திடீரென்று எல்லாம் வேகமெடுத்தது. சிவப்புத் துணி போர்த்திய வண்டி, மாலை, கேக், போட்டோ. ஒரு பக்கம் அம்மா தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நாலு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. விற்பனைப் பையன் ஒரு அட்டையில் காகிதங்களைச் செருகிக்கொண்டு வந்து, "மேடம், ராகு காலத்துக்கு முன்னால் வண்டியை வெளியே எடுத்துவிடலாம், இங்கே இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றான். போட்டேன். அதில் ஒன்று டெலிவரி செக்லிஸ்ட். "வெளிப்புறத்தில் கீறல், நசுங்கல் எதுவும் இல்லை" என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி, "அக்கா, இந்தப் பின்கதவு மட்டும் கொஞ்சம் வேற மாதிரித் தெரியலையா?" என்றான். சாம்பல் நிற வண்டி. உச்சி வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தபோது வலது பின்கதவு மற்ற கதவுகளைவிட ஒரு பிடி கருத்திருந்தது. ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் இது தெரிந்திருக்கவே முடியாது. எங்கள் ஊரில் டிங்கரிங் பெயின்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணனைக் கூட்டி வந்தோம். கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கை விரலால் விலக்கிக் காட்டினார். ரப்பரின் உள்மடிப்பில் பெயின்ட் தூசி படிந்திருந்தது. "இது கம்பெனி பெயின்ட் இல்லைம்மா. கதவில் ஏதோ இடித்திருக்கிறது, பட்டி போட்டு அடித்திருக்கிறார்கள். வேலை சுத்தம்தான், ஆனால் பழைய வேலையும் இல்லை" என்றார்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். முதலில், கம்பெனியிலிருந்து வந்ததே அப்படித்தான் என்றார்கள். பீடிங்கைக் காட்டியதும், லாரியில் வரும்போது சின்னதாக ஏதாவது பட்டிருக்கலாம், அதைச் சரிசெய்து கொடுப்பது வழக்கம்தான் என்றார்கள். வேறு வண்டி கொடுங்கள் என்றேன். "உங்கள் பெயரில் ரிஜிஸ்டர் ஆகிவிட்டதே மேடம். இதைத் திருப்பி எடுத்தால் செகண்ட் ஹேண்ட் வண்டியாகத்தானே விற்க முடியும்? நீங்களும் செக்லிஸ்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்து புகார் பதிவு செய்தேன். இரண்டு மாதம் இழுத்து, கடைசியில் நீட்டிக்கப்பட்ட வாரண்டியை இலவசமாகத் தந்தார்கள். நுகர்வோர் ஆணையம் வரை போயிருக்கலாம். பள்ளியில் பொதுத் தேர்வு நேரம், என்னால் முடியவில்லை.

ஒரு கதவு பெயின்டுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். வண்டி இன்றுவரை நன்றாக ஓடுகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் புதுசு என்று பணம் வாங்கிக்கொண்டு, அடிபட்டுச் சரிசெய்ததைச் சொல்லாமல் கொடுத்தார்கள். முன்பே சொல்லியிருந்தால் வேறு வண்டி கேட்டிருப்பேன், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லியிருப்பேன். அந்த முடிவை எடுக்கும் உரிமை என்னுடையது. எல்லா டீலர்களும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை. கீழே ஸ்கூட்டர் வாங்கிய கதையையும் எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

ஆர்சி கையில் வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. தயாரிப்பு மாதம் 2022 ஆகஸ்ட் என்று இருந்தது. நான் புக் செய்வதற்கு மூன்று மாதம் முன்னாலேயே செய்த வண்டி. டயர்களைப் பார்த்தேன். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். என் டயர்களில் 2622, அதாவது 2022-ன் 26-ஆவது வாரம். டயர் வண்டியைவிட ஒன்றிரண்டு மாதம் மூத்ததாக இருப்பது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஜனவரியில் எடுத்த வண்டியை நாளைக்கு விற்கப் போனால் 2022 மாடல் என்றுதான் விலை பேசுவார்கள். நம் ஊரில் மார்கழியில் வண்டி எடுக்க மாட்டோம், தை பிறந்ததும் கூட்டமாகப் போய் எடுப்போம். போன வருடத்து ஸ்டாக்கைத் தள்ளிவிடுவதற்கு அதைவிட வசதியான மாதம் ஏது? நல்ல நேரம் பார்ப்பது தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் பார்க்கிறவள்தான். நாளைக் குறித்துவிட்டு வண்டியைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள் என்கிறேன். பழைய வருடத்து வண்டி என்று தெரிந்தே எடுத்தால் தள்ளுபடியாவது கேட்கலாம்.

தயாரிப்பு மாதத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. வண்டிக்கு வண்டி மாறும் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பர் 17 எழுத்து. பெரும்பாலான கம்பெனிகளில் பத்தாவது எழுத்து வருடத்தைக் குறிக்கும். என் வண்டியில் 'N' என்ற ஆங்கில எழுத்து, அது 2022. 2024 என்றால் 'R', 2025 என்றால் 'S'. கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறலாம் என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். டீலர் கொடுக்கும் ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் வருடமும் எழுத வேண்டும். அதைக் கேளுங்கள். வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஃபார்ம் 21-லும் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறிப் பதிவானாலும் திருத்துவதற்கு நீங்கள்தான் ஆர்டிஓ ஆபீஸுக்கு நடக்க வேண்டும்.

யார்டில் வண்டியைச் சுற்றி வரும்போது கதவுகளுக்கு இடையே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா, பீடிங்கின் உள்ளே பெயின்ட் தெறித்திருக்கிறதா, போல்ட்களில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தை யார்டில் கழித்த வண்டி என்றால் தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். ஏசி, ஜன்னல், லைட் எல்லாம் போட்டுப் பாருங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, இரண்டு சாவி எல்லாம் இருக்கிறதா பாருங்கள்.

பணக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஆன்-ரோடு விலை என்று ஒரே தொகையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது கேளுங்கள். தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 2023 நவம்பரில் ஏறியது. கார் விலை 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதற்கு மேல் 20%. நான் எடுத்தபோது 10 லட்சத்துக்குள் 10% தான். உங்கள் காருக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரசுக்குக் கட்டும் பதிவுக் கட்டணம் காருக்கு 600 ரூபாய், லோன் இருந்தால் அதைப் பதிய 1,500. என் தாளில் வரி போக "ஆர்டிஓ செலவு" என்று மட்டும் 6,500 போட்டிருந்தார்கள், நான் கேட்கவே இல்லை. கார் விலை 10 லட்சத்துக்கு மேல் என்றால் 1% டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், சான்றிதழை வாங்கி வையுங்கள்.

இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குக் கட்டாயம். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். வெளியே ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு போனால் அவர்களே குறைப்பார்கள்.

நல்ல நேரத்துக்கு வண்டியை எடுத்துப் போங்கள், நம்பர் இரண்டு நாளில் வரும் என்று சொன்னால் கேட்காதீர்கள். தற்காலிகப் பதிவாவது இல்லாமல் டீலர் வண்டியைக் கையில் கொடுக்கவே கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி 42. தற்காலிகப் பதிவு முடிந்த பிறகும் ஓடிய வண்டிக்குக் காப்பீட்டுத் தொகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

இதையும் எழுதிவிடுகிறேன். லோன் என் பெயரில், பணம் என்னுடையது, ஓட்டப் போவதும் நான். ஷோரூமில் நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என் தம்பியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள். "மைலேஜ் எவ்வளவு?" என்று நான் கேட்டால், "சார், சிட்டியில்..." என்று ஆரம்பிப்பார்கள். அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, வேலை தேடிக்கொண்டிருந்தான். டிரைவிங் ஸ்கூலிலும் இதே கதைதான். முழுப் பணம் கட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் பக்கத்து கிளட்ச், பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பெண்களுக்கு இவ்வளவு போதும் என்று வாய்விட்டே சொன்னார். லைசென்ஸ் கையில் வந்தபோது எனக்குத் தனியாக ஒரு தெருவைத் தாண்டத் தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு ரிங் ரோட்டில் ஒரு மாதம் தம்பியோடு போய்த்தான் கற்றுக்கொண்டேன். பணம் வாங்கியவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியது அது. கேள்வி கேட்டவர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. பெண் என்றால், யார்டுக்குப் போகும்போது கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பதிலையும் நீங்களே எழுதுங்கள். பேனாவைப் பிடித்திருப்பவர் பக்கம் திரும்பித்தான் அவர்கள் பேசியாக வேண்டும்.

ஸ்கூட்டர் கதைக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆன பிறகு, தீபாவளிக்கு முன்னால், தம்பிக்கு ஒரு 125 சிசி ஸ்கூட்டர் எடுத்தோம். கூட்டம் தாங்கவில்லை. இந்த முறை சேஸிஸ் நம்பர் ஒதுக்கியதுமே, இன்சூரன்ஸ் போடாதீர்கள், நான் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் மதியம் குடோனுக்குப் போனோம். முன்பக்க மட்கார்டில் நகம் நீளத்துக்கு ஒரு கீறல். பாலிஷ் போட்டால் போய்விடும் என்றார் குடோன்காரர். வேண்டாம், வேறு காட்டுங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் அடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், அதன் நம்பரை எழுதிக்கொண்டோம். மொத்தம் இருபது நிமிடம். ஹெல்மெட்டையும் கேட்டு வாங்கினோம். இருசக்கர வண்டியோடு ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, கேட்காவிட்டால் பல இடங்களில் தருவதில்லை. நல்ல நேரத்துக்குப் போய், அம்மா தேங்காய் உடைத்து, நிம்மதியாக எடுத்து வந்தோம்.

பணம் கட்டிவிட்டீர்கள், பரவாயில்லை. இன்றைக்கே போன் செய்து, என் வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் ஆகிவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். ஆகவில்லை என்றால், நான் பார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள் என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்புங்கள். ஆகிவிட்டது என்றாலும் வியாழக்கிழமை போய்ப் பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் அந்த செக்லிஸ்டிலேயே உங்கள் கையால் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அன்று செய்யாமல் விட்டது அதைத்தான்.